கத்திரி வெயிலில் நாயோடு மலை ஏறியவர்கள் சொல்லுங்கள்

மலையில் என்ன பெரிய வெயில் என்று கேட்கிற ஆள் நான். போன வருடம் மே மாதம் வரைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கத்திரி தொடங்கப் போகிறது, லீவு விட்டதும் பாதிப் பேர் நாயையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கிளம்பிவிடுவீர்கள், அதனால் எனக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். உங்களுக்கு நடந்ததையும் கீழே சொல்லுங்கள்.

நான் திண்டுக்கல். என் மாமனாரின் தம்பிக்குத் தாண்டிக்குடியில் மூன்று ஏக்கர் காப்பித் தோட்டம், ஊடே மிளகு, கொஞ்சம் மலைவாழை. கொடைக்கானல்காரர்கள் கீழ்மலை என்று சொல்லும் பகுதி, அங்கே இருக்கும் உயரமும் கிடையாது, கூட்டமும் கிடையாது. பட்டிவீரன்பட்டி தாண்டி வளைவுகளில் ஏறிப் போய் இறங்கினால் மே மாதத்திலும் ராத்திரிக்குப் போர்வை வேண்டும். முருகன் பழனிக்குத் தாண்டிக் குதித்த இடம், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று சொல்வார்கள்.

நாயின் பெயர் செவலை. நாலு வயது, கோம்பைக் கலப்பு, உடம்பெல்லாம் செம்பட்டை, மூஞ்சி மட்டும் கரிச்சட்டிக்குள் விட்டு எடுத்ததுபோல இருக்கும். 22 கிலோ. இந்த எடையை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

முதல் நாள் ராத்திரியே சின்ன மாமா சொன்னார், "பாறைக்கு மேல போறதுன்னா காலையில ஆறு மணிக்குப் போயிட்டு எட்டுக்கெல்லாம் எறங்கிருங்க மாப்ள." தோட்டத்துக்குப் பின்னால் ஏறும் முகட்டுக்கு வீட்டில் அதுதான் பெயர், "பாறைக்கு மேல". அதில் ஒன்றரை மணி நேரம் நடந்தால் பழைய கல்திட்டைகள் (பலகைக் கற்களை நிறுத்தி மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலச் சமாதிகள்) இரண்டு மூன்று இருக்கின்றன, அதைத் தாண்டினால் ரிசர்வ் காடு, அங்கே நாயோடு போகக்கூடாது, போகவும் மாட்டோம். ஆறு மணிக்கு நான் எழுந்தேன்தான். ஆனால் சின்ன அத்தை பணியாரச் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டார். பணியாரம், அப்புறம் காப்பி, அப்புறம் இன்னொரு ஈடு பணியாரம். கிளம்பும்போது ஒன்பதரை. சின்ன மாமா வாசலில் நின்று வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளையிடம் ஒரு தடவைக்கு மேல் சொல்ல அவருக்குச் சங்கடம்.

தோட்டத்துக்குள் போகும்வரை ஒரு குறையும் இல்லை. சில்வர் ஓக் நிழல், கீழே சருகு மெத்தை, செவலை ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சொட்டு விட்டுக்கொண்டே வந்தது. மரம் முடிந்து முகட்டில் ஏறியதும் புல்லும் பாறையும்தான், ஒதுங்க ஒரு புதர்கூட இடுப்பளவுக்கு மேல் இல்லை. ஆனால் காற்று! சட்டை படபடக்கிற காற்று. வியர்வை வந்த இடம் தெரியாமல் காய்ந்துவிடுகிறது. போனில் 29 டிகிரி காட்டியது, கீழே வத்தலக்குண்டில் 39. தென்கிழக்கே மருதாநதி அணை வற்றிக் கிடந்ததைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, "இங்க ஏசி போட்ட மாதிரி இருக்கு" என்று எழுதினேன். அந்த மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

இங்கேதான் விஷயம். ஒரு பத்தே முக்கால் வாக்கில் செவலை முன்னால் ஓடுவதை நிறுத்திவிட்டு என் இடதுபக்கமாக, காலை உரசினாற்போல நடக்க ஆரம்பித்தது. நான் திரும்பினால் அதுவும் இடம் மாறும். அடடா, என்ன பாசம் என்று நினைத்து அதையும் ஒரு வீடியோ எடுத்தேன். பிறகு வீட்டில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்க்கும்போதுதான் தெரிந்தது, அது என் பக்கத்தில் நடக்கவில்லை, என் நிழலுக்குள் நடந்திருக்கிறது. நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் நிழல் விழுகிற பக்கத்துக்கு அது போயிருக்கிறது. அந்த முகட்டில் அதற்கு இருந்த ஒரே நிழல் நான்தான். மேயில் உச்சி நேரம் நெருங்க நெருங்க நம் நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். இந்த ஊரில் சித்திரை முதல் வாரத்திலேயே சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடுகிறது, மேயிலும் அதிகம் விலகிப் போவதில்லை. கடைசி அரை மணி நேரம் அந்த நிழலும் இல்லாமல்தான் அது என் பின்னால் வந்திருக்கிறது.

கல்திட்டைக்குப் போனோம். பலகைக் கல்லுக்கு அடியில் செவலை போய்ப் படுத்தது, நான் கூப்பிட்டு எழுப்பினேன். தண்ணீர் ஒரு லிட்டர் பாட்டில் ஒன்றுதான், பாதியை நான் குடித்திருந்தேன், மீதியை மூடியில் ஊற்றி ஊற்றிக் கொடுத்தேன். திரும்பும்போது பாறையில் ஒவ்வொரு காலாகத் தூக்கித் தூக்கி வைத்தது. முள் குத்திவிட்டதோ என்று பாதத்தைப் பிடித்துப் பார்க்கக் குனிந்து கையைப் பாறையில் ஊன்றினேன், ஊன்றிய வேகத்தில் எடுத்துவிட்டேன். தோசைக்கல். நான் ஷூ போட்டிருந்தேன்.

அப்புறம் வேகமாக நடந்தது எல்லாம். நாக்கு அகலமாகத் தொங்கியது, நுனி கரண்டிபோல வளைந்திருந்தது, எச்சில் கயிறு கயிறாக வந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தால் செங்கல் நிறம். நாலு அடி நடக்கும், உட்காரும், கூப்பிட்டால் எழுந்து வரும். கூப்பிட்டதும் வருகிறதே, அப்படியானால் முடிகிறது என்றுதான் நினைத்தேன். கடைசியில் உட்கார்ந்தது எழவில்லை, பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விழுந்துவிட்டது. 22 கிலோவைத் தோளில் போட்டுக்கொண்டு முகட்டிலிருந்து இறங்கினேன். அதன் மூச்சு கழுத்தில் நீராவி அடிப்பதுபோல இருந்தது.

தோட்டத்து மேல் எல்லையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு ஆத்தா பார்த்தார். எழுபது வயது இருக்கும். நான் அங்கே இருந்த சிமெண்ட் தொட்டியைப் பார்த்து ஓடினேன், அதில் முட்டளவு தண்ணீர் கிடந்தது, நாயை அதற்குள் இறக்கப் போனேன். ஆத்தா போட்ட சத்தத்தில் நின்றுவிட்டேன். "ஏப்பா ஏப்பா, அது துத்தம் கலக்குற தொட்டி! குடிச்சிருச்சுன்னா போச்சு!" அப்போதுதான் சுவரில் நீலக்கறை தெரிந்தது. காப்பிச் செடிக்கு இலைத்துரு வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிப்பார்களே, அந்தத் தொட்டி. தோட்டத்து மருமகனாகி ஆறு வருடம், எனக்கு அது தெரியாது.

ஆத்தா இன்னும் கொஞ்சம் கீழே ஒரு ஊற்றுக்குக் கூட்டிப்போனார். பாறை இடுக்கில் விரல் தடிமனுக்கு ஒழுகுகிற தண்ணீர், அவ்வளவுதான். அவரிடம் இருந்த தூக்குவாளியில் பிடித்துப் பிடித்து வயிற்றிலும் தொடை இடுக்கிலும் பாதத்திலும் ஊற்றினோம். என் துண்டை நனைத்து மேலே போர்த்தினேன். ஆத்தா முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டார், "எப்பத்துல இருந்து இப்படி வருது?" கூப்பிட்டால் வந்துகொண்டுதான் இருந்தது ஆத்தா என்றேன். "நாயி வரத்தான் செய்யும். அதுக்கென்ன வாயா இருக்கு? நீ நின்னாத்தான் அது நிக்கும்."

அரை மணி நேரத்தில் தலையைத் தூக்கியது. ஞாயிற்றுக்கிழமை, பக்கத்துக் கால்நடை மருந்தகம் பூட்டியிருந்தது. திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் இருக்கிற குளிர்ச்சியை விட்டு 39 டிகிரிக்குள் இறங்க வேண்டும். கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரர் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு இறங்கினோம். இரண்டு நாள் சலைன். பிழைத்துவிட்டது. மலையில் வெயில் இல்லை என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. காற்று நம் வியர்வையைத்தான் ஆற்றும், நாய்க்கு அந்த வசதி இல்லை.

* * *

நான் கோத்தகிரி. அண்ணா, நல்லவேளை பிழைத்தது. எங்கள் பக்கம் வெயிலை விடப் பயம் வேறு, அதைச் சொல்கிறேன்.

கோயம்புத்தூர் நண்பர் ஒருவர் லேப்ரடாரோடு வந்திருந்தார், மே கடைசி, பேரிக்காய் பழுக்கிற சமயம். சாயங்காலம் நாலரைக்கு டீ எஸ்டேட் மேட்டில் நடக்கப் போனோம். கயிற்றைக் கழற்றாதே என்று நான் சொன்னேன், "பாவம், ஊர்ல ஃபிளாட்லயே கெடக்கான், கொஞ்சம் ஓடட்டும்" என்று கழற்றிவிட்டார். ஓடியது. தேயிலைக்குள் மறைந்தது. குரைக்கிற சத்தம் கேட்டது, வழக்கமான குரைப்பு இல்லை, கிறீச்சென்று ஒன்று. பிறகு தேயிலைச் செடிகள் ஒரு கோடாக ஆடிக்கொண்டு எங்களை நோக்கி வந்தன. முதலில் நாய் வெளியே வந்தது. அதன் பின்னால் ஒரு கரடி, முதுகில் குட்டி.

கரடிக்குக் கண் மங்கல், மூக்குதான் எல்லாம். திடீரென்று பக்கத்தில் எதையாவது பார்த்தால் ஓடுவதற்குப் பதில் அடிக்கத்தான் வரும். நாங்கள் அசையவில்லை, அசைய முடியவில்லை என்பதுதான் உண்மை. பதினைந்து அடி இருக்கும், அது நின்றுகொண்டு புஸ்புஸ் என்று ஊதியது. கீழ்ப் பாத்தியில் இலை பறித்துக்கொண்டிருந்த அக்காமார்கள் எல்லாரும் சேர்ந்து கத்தி, கூடையைத் தட்டினார்கள். கரடி திரும்பிப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. நாய் முழு நேரமும் என் இரண்டு காலுக்கும் நடுவில். நண்பர் சொல்கிறார், "பாத்தியா, நம்மளக் காப்பாத்த ஓடி வந்துச்சு." காப்பாற்ற வரவில்லை ஐயா, காப்பாற்றச் சொல்லி வந்தது. கரடியையும் கூட்டிக்கொண்டு வந்தது.

காட்டெருமையிடமும் இதே கதைதான். அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும், பெரிய கிடா ஆயிரம் கிலோ வரைக்கும் வரும், நாம் ஒதுங்கிப் போனால் அது நம்மைச் சட்டை செய்யாது. நாய் போய் வம்பிழுத்துவிட்டு நேராக முதலாளியைத் தேடி ஓடிவரும். கயிறு இல்லாமல் மலையில் நாயை விடுகிறவர்களோடு நான் இப்போது நடக்கப் போவதில்லை.

* * *

எனக்கு நடந்தது வட்டக்கானலில். நாய் என்னுடையது இல்லை.

காலேஜ் தோழிகள் ஆறு பேர், வனத்துறை அனுமதி, வழிகாட்டி எல்லாம் சரியாக இருந்தது. வட்டக்கானலில் இருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு இறங்குவது திட்டம். கார் ரோடு வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஆட்கள் ஏறின பழைய பாதை அது. டீக்கடையில் சடை முடியோடு ஒரு கறுப்பு நாய், கம்பளி போர்த்தியதுபோல இருந்தது. வழிகாட்டி அண்ணன் முதலிலேயே சொன்னார், பிஸ்கட் போடாதீங்க, கூடவே வந்துரும். எங்களில் ஒருத்தி போட்டுவிட்டாள். (நான்தான்.)

டால்பின் மூக்குப் பாறையோடு திரும்பிவிடும் என்று பார்த்தோம், திரும்பவில்லை. வெள்ளகவி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அந்த ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்கக்கூடாது தெரியுமா, ஊர் முழுக்கக் கோயில், ஊரே கோயில் மாதிரி. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு கல்பாதையில் நாங்கள் ஐயோ அம்மா என்று குதித்துக் குதித்துப் போகிறோம், ஊர்ப் பெரியவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சிரிக்கிறார்கள், பக்கத்தில் அந்த நாயும் எங்களைப் போலவே காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போகிறது. அது காலையில் இருந்தே அப்படித்தான் வந்துகொண்டிருந்தது, நாங்கள் ஷூவைக் கழற்றிய பிறகுதான் கவனித்தோம்.

அதை அங்கேயே விட்டுவிடலாம் என்று ஒரு வீட்டில் கேட்டோம். சரி என்று கட்டினார்கள், கயிற்றை உருவிக்கொண்டு வந்துவிட்டது. சாயங்காலம் கும்பக்கரைக்கு இறங்கினால் அடுப்படிக்குள் நுழைந்ததுபோல அனல். வேன் காத்திருக்கிறது, எல்லாரும் ஏறிவிட்டார்கள், நாய் வேனுக்கு அடியில் படுத்து இரைக்கிறது. கம்பளிக்காரனை மே மாதம் பெரியகுளத்தில் விட்டுவிட்டு மதுரைக்குப் போய் எப்படித் தூங்குவது? நானும் இன்னொருத்தியும் தங்கிவிட்டோம். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள், நியாயம்தான். ராத்திரி எட்டு மணிக்குக் காய்கறி இறக்கிவிட்டு மேலே திரும்புகிற ஒரு வேன் கிடைத்தது, கேரட் வாசனையோடு மூன்று பேரும் காட் ரோடு ஏறினோம்.

டீக்கடைக்காரர் கதவைத் திறந்து நாயைப் பார்த்தார். "இவனா? மாசத்துக்கு ஒருவாட்டி இப்படிப் போவான்மா. எவனாவது பிஸ்கட் போட்ருப்பான்." நான் ஒன்றும் பேசவில்லை.

* * *

ஊட்டியில் இருக்கிறேன், சுருக்கமாகச் சொல்கிறேன், கோபம் வேண்டாம். நாயைக் காட்டோரம் கூட்டிப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி. சிறுத்தைக்கு நாய் பிடித்த தீனி, எங்கள் தெருவில் வாசலில் கட்டியிருந்ததையே தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. நம் நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பர் என்கிற வைரஸ் நோயும் செந்நாய்க்கும் நரிக்கும் போகும், அதை யாரும் பேசுவதில்லை. தடுப்பூசி போடாத நாயை மலைக்கு ஏற்றுகிறவர்கள் பூங்கா ரோட்டோடு நின்றுகொள்ளட்டும்.

* * *

கால்நடை மருத்துவராக இருக்கிறேன், கோடையில் வாரத்துக்கு ஒன்றாவது இப்படி வரும், அதனால் சிலது மட்டும்.

நாய்க்கு உள்ளங்காலைத் தவிர வியர்வை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை, இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சாதாரண உடல் சூடு 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். 105 தாண்டினால் ஆபத்து, அப்போதே குடலும் சிறுநீரகமும் அடிபட ஆரம்பிக்கலாம், அதனால் எழுந்து நின்றுவிட்டதே என்று வீட்டோடு வைத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். செவலையைக் கீழே கொண்டுபோனது சரிதான். முதலில் நனைத்துக் குளிர்வித்தது, பிறகு கொண்டுபோனது, அந்த வரிசைதான் அதைக் காப்பாற்றியது.

ஒரே ஒரு தப்பு, ஈரத்துண்டைப் போர்த்தியது. சற்று நேரத்தில் துண்டு சூடாகி உள்ளே இருக்கிற சூட்டை அடைத்துவிடும். துண்டைக் கீழே விரித்துப் படுக்க வைக்கலாம், மேலே தண்ணீரும் காற்றும் போதும். ஆத்தா முந்தானையால் விசிறியது ரொம்ப நல்ல வைத்தியம். மயங்கிக் கிடக்கிற நாயின் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பக், புல்டாக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்களுக்கு இரைக்கவே வழி குறைவு, அவற்றை மே மாதம் முகட்டில் ஏற்றவே வேண்டாம். ராஜபாளையம் போல வெள்ளை நாய்க்கு ரோஸ் மூக்கு வெயிலில் வெந்துபோகும், உயரம் கூடக் கூட, ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்கிற கணக்கில், புற ஊதாக்கதிரும் கூடும். கிளம்பும் முன் புறங்கையைப் பாறையில் வைத்து ஏழு எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்புங்கள்.

* * *

முதலில் எழுதியவன்தான். டாக்டர், துண்டு விஷயம் தெரியாது, நன்றி. ஊட்டிக்காரருக்கு: செவலைக்கு எல்லா ஊசியும் போட்டிருக்கிறது, ஆனால் நீங்கள் சொன்னதில் எனக்குப் பதில் இல்லை. கோத்தகிரித் தம்பி சொன்னதால் கயிறும் வாங்கிவிட்டேன், நாலு மீட்டர்.

செவலை நன்றாக இருக்கிறது. கொஞ்சம் சீக்கிரம் இரைக்கிறது, அவ்வளவுதான். மார்கழியில் தாண்டிக்குடி போனோம், ஊற்றுப் பக்கம் கூட்டிப்போனதும் அதுவாகவே போய்த் தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டது, அந்தக் குளிரிலும். ஆத்தாவுக்கு ஒரு புதுத் தூக்குவாளி வாங்கிப் போயிருந்தேன், பழசு நல்லாத்தானே இருக்கு என்று திட்டிவிட்டு வாங்கிக்கொண்டார். இந்த மேயிலும் போவோம், ஐந்தே முக்காலுக்குக் கிளம்பி, அது என் நிழலுக்குள் வருகிற நொடியில் திரும்பிவிடுவதாகத் திட்டம். மாப்பிள்ளை பாறையிலிருந்து இறங்கி வந்த பிறகுதான் பணியாரச் சட்டி அடுப்பில் ஏறும் என்று சின்ன அத்தை இப்போதே சொல்லிவிட்டார்.